பிழை எண் அறுபத்து மூன்று

முதலில் பெயர் வைத்தோம்: வாறன்.
தண்ணி பவுசர் எங்கே நிற்கிறதென்று
ஃபோனில் காட்டுகிற சேவை.
மரியதாஸ் அண்ணை எந்தக் கோலை எடுத்தாலும்
சொல்லுகிற ஒரே சொல் அதுதான்,
பண்ணைப் பாலத்தில் நின்றாலும்
பாயில் கிடந்தாலும்.

நாற்பது வீட்டுக்கு மட்டும் என்றான் துவாரகன்.
வேலணையில் நாற்பது வீடு,
வீட்டுக்கு ஓர் அழைப்பு, ஆறிலக்கம்.
"கூட்டினால் சேர்வர் விழுந்திடும்.
விழுந்தால் ஆர் தூக்கிறது, நீயோ?"
ஸ்ரான்லி வீதியில் குளிர்பானக் கடைக்கு மேலே
மூன்று கதிரை, ஒரு இன்வேர்ட்டர், நாங்கள்.

அழைப்பென்றால் ஊருக்குத் தெரிந்தது
கலியாண அழைப்புத்தான்.
இரண்டாம் நாளே அம்மாவுக்குக் கோல்:
முன்வீட்டுக்குச் சொன்னதாம்
எங்களுக்குச் சொல்லேல்லையாம்.
நான் வாங்கிக் கதைத்தேன்.
சும்மா சோதிச்சுப் பாக்கிறம் அன்ரி,
நிறையப் பிழை இருக்கும்.
"பிழை இருந்தாலென்ன,
சொல்லியிருக்கலாம்தானே."

பிழை இருந்தது.
பாலத்தில் ஏறினதும் பவுசர்
வரைபடத்தில் கடலுக்குள் இறங்கிவிடும்.
ஆறாயிரம் லீற்றர் நல்ல தண்ணி
உப்புத் தண்ணிக்குள்ளால் நீந்திப்போய்
அல்லைப்பிட்டியில் கரையேறும்.
சிரித்தோம். பிழை எண் நாலு. இன்னும் திருத்தவில்லை.
பழைய ஃபோன்களில் ஓர் எழுத்து உடைந்தது.
வேணும் என்று தட்டினால்
வே  ம் என்றுதான் எங்களுக்கு வந்தது.
அது பதினொன்று.

மூன்றாம் கிழமை, கரண்ட் இல்லாத ஒரு பின்னேரம்,
ஆரணி நாற்பது வீட்டையும் புள்ளிகளாக்கிப் போட்டாள்.
மூன்று ஒழுங்கை.
நாற்பதும் அந்த மூன்றுக்குள்.
நாலாவது ஒழுங்கை வெள்ளையாய்க் கிடந்தது.
ஒருத்தரும் நினைத்துச் செய்யவில்லை.
முதல் பத்துப் பேரைக் கேட்டோம்,
தெரிஞ்ச ஆக்களைச் சொல்லுங்கோ என்று.
சொன்னார்கள்.
சொல்லப்பட்டவர்கள் மற்றவர்களைச் சொன்னார்கள்.
இந்த ஊரில் ஒருவரை ஒருவர் தெரிந்திருப்பது
எந்தக் கிணற்றடியோடு முடியுமென்று
மூவருக்கும் தெரியும்.
துவாரகன் எழுந்து ஜன்னலைத் திறந்தான்.
"சரியான புழுக்கம்."

பிறகுதான் பதினேழாம் வீட்டைக் கண்டோம்.
ஒரு கிழமையில் ஒன்பது தரம் தண்ணி.
ஒரு குறியீடு, ஆறு ஃபோன்.
களவு என்றான் துவாரகன்.
அறுபத்து மூன்று என்று பதிந்தான், சிவப்பில்.

மோட்டார் சைக்கிளில் நான்தான் போனேன்.
மூன்றாம் ஒழுங்கையின் கடைசி வீடு.
யசோதினி, சட்டை தைக்கிறவள்.
பின்வேலித் தகரத்தில் நீலப் பெயின்ரால்
எங்கள் ஆறிலக்கம்,
வெளிப்பக்கம் பார்த்து,
நாலாம் ஒழுங்கை வாசிக்கக்கூடிய அளவில்.
"ஒரு நம்பருக்கு ஒரு ஃபோன் அக்கா."
நூலைப் பல்லால் அறுத்தாள்.
"நம்பரிலை அப்பிடி எழுதேல்லையே."
வேலிக்கு அப்பால் யாரோ
வெறும் வாளியை நிமிர்த்தி வைக்கிற சத்தம்.
நான் ஹெல்மெட்டைக் கழற்றவேயில்லை.

திங்கட்கிழமை காசு தந்தவர்களுக்கு அறிக்கை.
பாவனையாளர் தொகை என்ற கட்டத்தில்
நாற்பது என்று அடித்தேன். அழித்தேன்.
அடித்தேன்.
துவாரகன் திருத்தத்தை எழுதி வைத்துவிட்டான்,
ஒரேயொரு வரி.
நான் ஓமென்றால் ஏறும்.

இரவு மூன்று பன்னிரண்டு.
பதிவேட்டில் ஒரு வரி அசைகிறது.
பதினேழு, ஆறாவது ஃபோன்:
தண்ணி வே  ம்.
மரியதாஸ் அண்ணையின் வளவுக்குள்
வெறும் பவுசர் நிற்கும் இந்நேரம்,
சுருட்டிய குழாயில் பனி விழுந்திருக்கும்.
ஆளில்லாத வேளைக்கென்று
நாங்கள் எழுதிவைத்த பதில்
என்னைக் கேளாமலே புறப்படுகிறது:

வாறன்.